இன்னும் ஐந்து பக்கம்

செப்டம்பர் 8, செவ்வாய்

எட்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். சீஸ் தொழிற்சாலை வாசலில், வரிசையில் மூன்றாவது டேங்கர் என்னுடையது. ஸ்டியரிங் மேல் எங்கள் மார்மன் வேதத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தவன், பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு வண்டியும் பாலை இறக்கிவிட்டுப் போயே போய்விட்டன.

மொத்தம் ஐந்நூற்று முப்பத்தொரு பக்கம். எட்டு போக மீதி எவ்வளவு என்று பார்த்து மனதை நோகடித்துக்கொள்ளப் போவதில்லை.

எல்லாம் நேற்றைய வினை. திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் குடும்ப நேரம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு புத்திமதி, கடைசியில் ஐஸ்கிரீம். நேற்று ஐஸ்கிரீம் வரைக்கும் போகவில்லை. புத்திமதி என் முறை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? மகளைப் பிடித்தேன்.

மேரனுக்குப் பதினேழு வயது. எங்கள் சபையில் பெண்பிள்ளைகளுக்கு எட்டுப் பண்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு ரிப்பன், ஒரு வேலை. ஏழு பண்புகளை முடித்துவிட்டாள். எட்டாவது ஒழுக்கம். பொன் நிறம். அதற்கு வேலை ஒன்றே ஒன்று: வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும், படிப்பதைப் பற்றி நாட்குறிப்பு எழுதி வர வேண்டும். எட்டும் முடித்தால் ஒரு பதக்கம். இவள் ஐந்நூற்று இருபத்தாறு பக்கம் படித்துவிட்டு, கடைசி ஐந்து பக்கத்தை விட்டுவிட்டு மூடி வைத்திருக்கிறாள். ஜூலையிலிருந்து!

"அஞ்சு பக்கம்தாண்டி. பல் தேய்க்கிற நேரத்துல முடிச்சிடலாம்."

"நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களாப்பா?"

ஜனீல் இருமினாள். அது இருமல் இல்லை. இருபத்திரண்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியும்.

பத்தொன்பது வயதில் இரண்டு வருடம் நெப்ராஸ்காவில் ஊழியம் செய்தவன் நான். கழுத்தில் டை, சட்டைப்பையில் பெயர் அட்டை. "மார்மன்காரன் வந்துட்டான்" என்று கதவைச் சாத்திய வீடுகள் போக, திறந்த வீடுகளில் இதே நீல அட்டைப் புத்தகத்தைக் கொடுத்து, "முழுசாப் படிச்சுப் பாருங்க, வாழ்க்கையே மாறிடும்" என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நூறு பேருக்கு! நான் மட்டும் முழுதாகப் படித்ததில்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம். முக்கியமானதெல்லாம் தெரியும் என்று நினைப்பு.

"அப்ப நீங்க முடிச்சிட்டு வாங்கப்பா. நாட்குறிப்போட. அப்புறம் என் அஞ்சு பக்கத்தப் பத்திப் பேசலாம்."

ஆகவே இந்த நாட்குறிப்பு. பால் அளவு எழுதும் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நவம்பர் 18 பதக்கம் கொடுக்கும் விழா. அதற்குள் இரண்டு பேரும் முடித்தாக வேண்டும், ஏனென்றால் எட்டும் முடித்தவர்கள் பட்டியலில் அவள் பெயரைப் போன மாதமே கொடுத்துவிட்டேன். நான்தான். ஆர்வக்கோளாறு.

செப்டம்பர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் டூலர் நடைவழியில் மறித்தார். பெண்பிள்ளைகளின் வகுப்புக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல மனுஷி. பிடித்தால் விடமாட்டார்.

"பிரதர் யார்ட்லி, நீங்க சொன்ன பால் பாடத்தைப் பிள்ளைங்க இன்னும் மறக்கல. அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும்."

போன வசந்தத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது பால். மருந்து ஊசி போட்ட ஒரே ஒரு மாட்டின் பால் தெரியாமல் கலந்தாலும், தொழிற்சாலைச் சோதனையில் டேங்கர் முழுக்கத் தள்ளுபடி. அத்தனையும் சாக்கடைக்கு. "ஒழுக்கமும் அப்படித்தான் பிள்ளைங்களா. ஒரு சொட்டு போதும்" என்று முடித்தேன். சிஸ்டர் டூலர் கண்ணைத் துடைத்தார். என் சபை வாழ்க்கையில் நான் பேசி யாரும் தூங்காத ஒரே பேச்சு அது.

லிண்டியின் நாற்காலி இன்றும் காலி. மேரனின் உயிர்த்தோழி. எங்கள் ஃப்ரிட்ஜில் எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள். ஜூலைக்குப் பிறகு சபைக்கும் வரவில்லை, ஃப்ரிட்ஜுக்கும் வரவில்லை. மேரனைக் கேட்டால், "அவ பிஸிப்பா." பதினேழு வயதில் என்ன பிஸி?

செப்டம்பர் 20, ஞாயிறு

பக்கம் 90. நெப்ராஸ்காவில் ஒவ்வொரு தடவையும் நான் படுத்துவிட்ட இடம் இதுதான். பழைய தீர்க்கதரிசி ஒருவரின் அதிகாரங்களை வரிசையாக, மூச்சுவிட இடமில்லாமல் எடுத்துப் போட்டிருக்கிறது. யார் யாரைத் திட்டுகிறார் என்றே பிடிபடவில்லை. கர்த்தர் மன்னிப்பாராக, நான் நாளைக்கு ஏற்ற வேண்டிய பாலை நினைத்துக்கொண்டே நான்கு பக்கம் ஓட்டினேன்.

ஜனீலிடம் புலம்பினேன். "நீ படிக்கல ருலன். பக்கத்தைப் புரட்டற" என்றாள்.

திரும்பவும் அந்த நான்கு பக்கம். இப்போதும் பிடிபடவில்லை. ஆனால் யோக்கியமாகப் பிடிபடவில்லை.

செப்டம்பர் 30, புதன்

சபையில் ஒவ்வொரு ஆணுக்கும் மூன்று நான்கு வீடுகளை ஒப்படைப்பார்கள். மாதம் ஒருமுறை இரண்டு பேராகப் போய் நலம் விசாரித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லி வர வேண்டும். அந்த மாதத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருப்பது கடைசித் தேதியன்றுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். இன்று இந்தத் தெருவில் மட்டும் ஐந்து பேர் டை கட்டிக்கொண்டு ஓடினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

லிண்டி வீடு என் பட்டியலில் இருக்கிறது. அம்மா கோலீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. புருஷன் நெவாடாவுக்குப் போனவன் போனவன்தான். நானும் என் ஜோடி ஓல்சன் கிழவரும் போய் உட்கார்ந்தோம். கோலீன் ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தாள். சமையலறைக் குழாய் டக் டக் என்று சொட்டிக்கொண்டே இருந்தது. லிண்டி மெலிந்திருக்கிறாள். தலையைத் தூக்கவே இல்லை. சரி, கலகலப்பாக்குவோம் என்று நினைத்தேன்.

"என்னம்மா லிண்டி, ஏழோட நின்னுட்டியாமே? ஒழுக்கம் ஒண்ணுதானே பாக்கி? அது என்ன தொலைஞ்சா போச்சு? வா, மேரனும் நீயுமா சேர்ந்து தேடிப் பிடிச்சிடுங்க!"

ஓல்சன் சிரித்தார். அவருக்குக் காது கேட்காது, நான் சிரித்தால் சிரிப்பார். லிண்டி எழுந்தாள். தட்டைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். உள்ளே போய்விட்டாள். கோலீன் என்னையே பார்த்தாள். பிறகு, "நேரமாச்சு ருலன்" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை பேசக்கூட வழியில்லை.

ராச்சாப்பாட்டில் இதைச் சொன்னேன். மேரன் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது.

"நிஜமாவே அப்படிச் சொன்னீங்களா? அந்த வார்த்தையா? 'தொலைஞ்சா போச்சு'ன்னா?"

"வேடிக்கைக்குச் சொன்னேம்மா."

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். என்ன சொல்லிவிட்டேன் இப்போது? இந்த வீட்டிலும் பேசக்கூடாது, அந்த வீட்டிலும் பேசக்கூடாது. மாடுகளோடு பேச வேண்டியதுதான்.

அக்டோபர் 3, சனி

மேரன் இன்னும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஜனீலிடம் கேட்கிறாள். உப்பு என் கையருகே இருக்கிறது.

அக்டோபர் 11, ஞாயிறு

பக்கம் 287. பாதி தாண்டியாயிற்று! ஊழியம் போய் வந்த இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

ஒன்று கவனித்தேன். ஒழுக்கம் என்று 'வெர்ச்யூ' என்ற எந்தச் சொல்லை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமோ, அதே சொல் இங்கே வேறு மாதிரி வருகிறது. தெய்வ வார்த்தைக்கு அது இருக்கிறதாம், வாளைவிடவும் அது ஜனங்களை மாற்றுமாம். மருந்துக்கு வீரியம் என்கிறோமே, அந்த மாதிரி. சிஸ்டர் டூலர் கொடுத்த பொன்நிறத் தாளில் வீரியம், பலம் என்றெல்லாம் இல்லை. நினைப்பிலும் நடப்பிலும் சுத்தமாக இருப்பது, கற்பு அதில் சேர்த்தி என்று போட்டிருக்கிறது. அதுவும் சரிதான். ஆனால் பாதியைத்தான் சொல்லிக் கொடுக்கிறோமோ?

எனக்கு எதற்கு வம்பு. நான் டிரைவர்.

அக்டோபர் 25, ஞாயிறு

சண்டை, சண்டை, சண்டை. நூறு பக்கமாக வெட்டிக்கொள்கிறார்கள். கோட்டை கட்டுகிறார்கள், இடிக்கிறார்கள். சாலைத்துறை ஆட்கள் மாதிரி.

மேரன் இன்று பேசினாள். "எத்தனாவது பக்கம்?"

"நானூத்திப் பத்து."

"ஓ" என்றாள். பயந்த மாதிரி இருந்தது. நான் தோற்பேன் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. பதக்கம் வேண்டாமென்று இவ்வளவு அடம் பிடிக்கிறவளை நான் பார்த்ததில்லை. ஜனீல் பொன்நிற ரிப்பன் நான்கு கஜம் வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறாள். மேரன் அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நவம்பர் 7, சனி

பக்கம் 526. மேரன் நிறுத்திய பக்கம். தொழிற்சாலையில் பாலை இறக்கி, டேங்கரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் இருந்தது. இன்றே முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மேசையில் படாரென்று போட வேண்டும் என்று திட்டம்.

கடைசிக்கு முந்தின அதிகாரம். ஒரு கிழட்டுப் படைத்தலைவன் தன் மகனுக்கு எழுதும் கடிதம். எல்லாம் தோற்றுப்போன பிறகு எழுதுகிறான். தன் ஆட்களே எதிரிப் பெண்பிள்ளைகளைப் பிடித்துவைத்துக் கெடுத்துக் கொன்றதைச் சொல்லி அழுகிறான். ஒரு அப்பா எழுதுகிற எழுத்து. அப்புறம் ஒன்பதாம் வசனம். அந்தப் பிள்ளைகளிடமிருந்து எல்லாவற்றிலும் அருமையான ஒன்று பறிபோய்விட்டது என்கிறான். எது என்றால், கற்பும் ஒழுக்கமும்.

படித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனேன். போனவன் திரும்பி வந்தேன்.

பறிபோய்விட்டதா? யாரிடமிருந்து? கதவை உடைத்துக் கொள்ளையடித்துப் போனவனை விட்டுவிட்டு, வீட்டுக்காரிதான் யோக்கியதையை இழந்தாள் என்பதா? அந்தப் பாவிகளிடம்தானே அது இல்லாமல் போனது?

கிழவனைக் குறை சொல்லவில்லை. மனம் உடைந்தவன் ஏதோ எழுதினான். ஆனால் இந்த வசனத்தைத்தான் ஒழுக்கம் என்ற தலைப்பில் படிக்க வேண்டிய வசனங்களின் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். பொன்நிறத் தாளை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது.

மேரன் ஏன் இந்தப் பக்கத்தில் நின்றாள்?

ஜூலை. லிண்டி. ஜூலை.

ஐயோ.

நவம்பர் 8, ஞாயிறு

மாடுகளுக்கு ஓய்வுநாள் கிடையாது. மத்தியானம் சுற்றுக்குக் கிளம்பும்போது மேரனைக் கூட வரச் சொன்னேன். சின்ன வயதில் அந்த முன் சீட்டு அவளுடையதுதான். இரண்டு பண்ணையில் பால் ஏற்றினோம். பிறகு புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன்.

"இங்கயேதான் நானும் நின்னுட்டேன்" என்றேன்.

அழுதாள். வண்டியை ஓரம் கட்டினேன்.

அவள் சொன்னதை இங்கே முழுதும் எழுதப் போவதில்லை. அது லிண்டியுடையது. ஜூன் மாதம், ஏரிக்கரையில் லிண்டி வேலை பார்த்த இடத்தில், ஒரு பையன். இந்த ஊர்க்காரன் இல்லை. அவள் வேண்டாம் என்றாள், அவன் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்குத் தெரியும். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று கோலீன் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குத் தெரியும். நான் போய் உட்கார்ந்து பை தின்றபோது அவளுக்குத் தெரியும். நான் சொன்னதைக் கேட்டும் என்னை அடிக்காமல் கதவைத் திறந்துவிட்டாள். மகராசி.

பிறகு மேரன் அவளுடையதைச் சொன்னாள்.

"ஜூலைல ஒழுக்கப் பாடம்ப்பா. சிஸ்டர் டூலர் வட்டமா உக்கார வச்சாங்க. ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கணும். நான் எண்ணிப் பாத்தேன். ஒம்பதாவது எனக்கு வருது. எனக்கு அது என்னன்னு தெரியும், ஏன்னா முந்தின ராத்திரிதான் படிச்சிருந்தேன். லிண்டி என் பக்கத்துல உக்காந்திருக்கா. என்னால அத அவ காதுல விழற மாதிரி வாசிக்க முடியாதுன்னு தோணிச்சு. 'எனக்குத் தொண்டை கட்டியிருக்கு'ன்னு சொல்லி விட்டுட்டேன். யோசிக்கவே இல்லப்பா. நான் விட்டா அடுத்து யாரு?"

அடுத்து லிண்டி.

"வாசிச்சாப்பா. குரல்கூட நடுங்கல. வாசிச்சிட்டு மூடி வச்சா. அதோட சரி, வரல. எங்கிட்டயும் பேசல. அவ நினைக்கிறா, நான் வேணும்னே—"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. இரண்டு பேரும் அந்தப் பெரிய வண்டியில், பாதி டேங்கர் பாலோடு, உட்கார்ந்திருந்தோம்.

"ஒழுக்கம்னா நான் செய்றதுதானேப்பா? எனக்கு ஒருத்தன் செஞ்சது எப்படி என் ஒழுக்கமாகும்?"

வசந்தத்தில் அதற்குப் பதில் சொன்னவன் நானேதான். ஒரு சொட்டு போதும், முழு டேங்கரும் சாக்கடைக்கு. லிண்டி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். நன்றாக இருந்தது என்று கை கொடுத்தாள்.

தூ. என் வாய்க்கு.

நவம்பர் 10, செவ்வாய்

பிஷப்பைப் பார்க்க டயர் கடைக்குப் போனேன். எங்கள் பிஷப்புகளுக்குச் சம்பளம் இல்லை. ஞாயிறு பிஷப், மற்ற நாள் டயர். பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் வெறும் கோர்ட் கிளெக், என் பென்சிலைத் திருடுவான். இப்போது பிஷப் என்றுதான் கூப்பிட வேண்டும், கை முழுக்கக் கறுப்பு கிரீஸ் இருந்தாலும்.

யார் என்று சொல்லாமல் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு அப்படி ஆகியிருக்கிறது, அந்த வசனத்தை அவளே வாசிக்கும்படி ஆனது, என் மகள் அதனால் அந்த ஐந்து பக்கத்தைத் தாண்ட மறுக்கிறாள்.

"யாரு ருலன்?"

"சொல்லமாட்டேன் பிஷப்."

கையைத் துடைத்தான். நிஜமாகவே வருத்தப்பட்டான், அதைச் சொல்லியாக வேண்டும். "அந்தப் பிள்ளை மேல பாவமே கிடையாது. ஒரு துளிகூட. நம்ம சபை போதனையே அதுதான். அவகிட்ட யாராவது இதச் சொன்னாங்களா?"

"வசனத்தை வாசிக்கச் சொன்னோம். இதச் சொல்லல."

"பட்டியல் மேலிடத்துலேர்ந்து வருது. நான் என்ன பண்ண?"

"மேரனுக்கு முடிச்சதா கையெழுத்துப் போடு. ஐந்நூத்தி இருபத்தாறு பக்கம் படிச்சிருக்கா. எந்தப் பிள்ளை படிச்சிருக்கு? உன் பிள்ளை படிச்சானா?"

"என் பிள்ளைய ஏன் இழுக்கற? முழுசுன்னா முழுசு. படிக்காததப் படிச்சேன்னு எப்படிப் போட? நேர்மைதான் ஏழாவது பண்பு. அதுல அவ ரிப்பன் வாங்கிட்டா. ஞாபகம் இருக்கா?"

எரிச்சலாக வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். டயர் கடைக் கதவு சாத்தினாலும் சத்தம் வராது, ரப்பர்.

வீட்டில் மேரனிடம் சொன்னால், "பிஷப் சொன்னது சரிப்பா. பொய்ப் பதக்கம் எனக்கு வேண்டாம்" என்கிறாள். இவர்களோடு எப்படிக் குப்பை கொட்டுவது!

நவம்பர் 12, வியாழன்

ஜனீல் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "பன்னெண்டு வருஷம் உதிரப்போக்கு இருந்த அந்தப் பொம்பள ஞாபகம் இருக்கா? கூட்டத்துல வந்து கர்த்தரோட அங்கியத் தொட்டவ?"

"இருக்கு."

"ஊரே அவளத் தீட்டுன்னு ஒதுக்கி வச்சது. அவ தொட்டதும் குணமாயிட்டா, எங்கிட்டேர்ந்து ஒண்ணு போச்சுங்கறாரே அவர். நம்ம பழைய வேதாகமத்துல அங்க என்ன சொல் போட்டிருக்கு, போய்ப் பாரு."

பார்த்தேன். ஒழுக்கத்துக்கு நாங்கள் சொல்லும் அதே சொல், 'வெர்ச்யூ'.

"அவர்கிட்டேர்ந்து போச்சே, அவர் கொறஞ்சா போனார்?" என்றாள். "அவளத்தான் திட்டினாரா? மகளேன்னுதானே கூப்பிட்டார்." அவ்வளவுதான் சொன்னாள். காலுறைக்கு ஜோடி தேட ஆரம்பித்துவிட்டாள்.

இவளைப் பேசக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்களே பால் பாடத்துக்கு. இந்தச் சபைக்கும் சில நேரம் கண் தெரிவதில்லை.

நவம்பர் 18, புதன்

விழா முடிந்து வந்து எழுதுகிறேன்.

அச்சடித்த தாளில் அவள் பெயர் எட்டு நட்சத்திரத்தோடு இருந்தது. நான் கொடுத்த பெயர். மாற்றச் சொல்லலாம் என்றால் மேரன் வேண்டாம் என்றாள், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. நான் ஏழுதான் முடிச்சேன்." உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து வழக்கப்படி அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும். என் கையில் ஒரு தாளில் நல்ல நகைச்சுவை ஒன்று எழுதி வைத்திருந்தேன். அது கைக்குள்ளேயே நனைந்து போயிற்று.

"பேரைக் கொடுத்தது நான். தப்பு என்னுது" என்றேன். "அதுக்கு முன்னாடியே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். வசந்தத்துல உங்களுக்கெல்லாம் ஒரு பால் கதை சொன்னேன். அது பாலுக்குச் சரி. உங்களுக்குச் சரியில்ல. நீங்க பால் இல்ல. யாரோ ஒருத்தன் பண்ணினதுக்காக உங்கள யாரும் கொட்ட முடியாது. கொட்டவும் கூடாது. நான் யோசிக்காம சொல்லிட்டேன். திருப்பி எடுத்துக்கறேன்."

இறங்கி வந்தேன். ஓல்சன் கிழவர் மட்டும் பலமாகக் கை தட்டினார். அவருக்கு என்ன கேட்டதோ.

சிஸ்டர் டூலர் வாசலில் நின்றார். "யாருக்காக சொன்னீங்க பிரதர்?" அவர் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன். அந்த வட்டத்தை, நாற்காலி நாற்காலியாக, மனதுக்குள் சுற்றி வருகிறார் என்று புரிந்தது. காலி நாற்காலியில் வந்து நின்றிருக்க வேண்டும்.

"ஏழு வருஷமா அந்த வசனத்த வாசிக்க வைக்கிறேன்" என்றார். "ஏழு வருஷமா, ருலன்." என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 27, வெள்ளி

ஜனீல் கோலீனுக்கு ஒரு பூசணிப் பை அனுப்பினாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: "குழாய் இன்னும் சொட்டுகிறது." கையெழுத்து கோலீனுடையதா, லிண்டியுடையதா என்று மூன்று பேரும் பார்த்தோம். மேரன் சொன்னாள், "இந்த 'கு' லிண்டியுது."

டிசம்பர் 1, செவ்வாய்

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றாம் தேதி வீட்டு விசாரிப்புக்குப் போனேன். தெருவில் டை கட்டியவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். ஓல்சனுக்கு முட்டி வலி. தனியாகப் போகக்கூடாது என்பதால் மேரன் வந்தாள். வண்டியில் வரும்போது அவள் கை மடியில் நீலப் புத்தகத்தை இறுகப் பிடித்திருந்தது.

கோலீன் கதவைத் திறந்தாள். நான் சொல்லிவைத்திருந்ததைச் சொன்னேன். செப்டம்பரில் நான் பேசியது கேடுகெட்ட பேச்சு, தெரியாமல் பேசினேன், தெரியாதது சாக்கு இல்லை. அவள் கேட்டுக்கொண்டாள்.

"வேதவசனம் ஏதாவது கொண்டாந்திருக்கியா?"

"இல்ல. ஸ்பேனர் கொண்டாந்திருக்கேன்."

"அப்ப உள்ள வா."

கழுவும் தொட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தேன். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அந்த வாஷர் கர்த்தர் உலகத்தைப் படைத்த நாளில் போட்டது போலிருந்தது. கழன்று வரவில்லை. இடுப்புவரை உள்ளே இருக்கும்போது லிண்டியின் செருப்புச் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். நான் ஸ்பேனரைக்கூட அசைக்கவில்லை.

"நீ வேணும்னே விட்டேன்னு நெனச்சேன்" என்றாள் லிண்டி.

"இல்லடி."

"பதக்கம் வாங்கலியாமே."

"இல்ல."

"லூசு." அப்புறம், "புத்தகத்த எதுக்குக் கொண்டாந்த?"

மேரன் ஏதோ முணுமுணுத்தாள். எனக்குக் கேட்கவில்லை.

"அப்ப வாசி" என்றாள் லிண்டி. "உன் முறை அது. நான் உனக்குப் பதிலா வாசிச்சேன். இப்ப நீ வாசி, நான் கேக்கறேன்."

நான் வெளியே வர வேண்டுமா? வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? கோலீனின் கால்கள் எனக்கு முன்னால் நின்றன. அசையவில்லை. நானும் அசையவில்லை.

மேரன் வாசித்தாள். கிழவனின் கடிதம், முதல் வசனத்திலிருந்து. ஏழு. எட்டு. ஒன்பதில் அவள் குரல் பிசிறியது. நின்றது.

"என்ன," என்றாள் லிண்டி, "தொண்டை கட்டியிருக்கா?"

பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று தொட்டிக்கு அடியிலிருந்து தெரியவில்லை. நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. மேரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த வசனத்தை முடித்தாள்.

"அந்தாளுக்குத் தெரியல" என்றாள் லிண்டி. கோபமாகச் சொல்லவில்லை. "எங்கிட்டேர்ந்து எதுவும் போகல. சரி, மேல படி. இன்னும் எத்தன பக்கம்?"

"அஞ்சு. அப்பாவும் இதோடதான் நிறுத்தி வச்சிருக்கார்."

"இன்னுமா? அவரையும் வெளியே வரச் சொல்லு. கேக்கட்டும்."

வர முடியவில்லை. செருகிய டை நழுவிக் குழாயில் மாட்டிக்கொண்டது. கோலீன் குனிந்து கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். ஜனீல் கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த டை. நான்கு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு வசனம், வட்டமாக.

குழாய் இப்போது சொட்டுவதில்லை.